மங்கலாக்கச் சொன்ன முகம்

கல்முனைப் பிரதான வீதியில் காலிதீன் வைத்திருந்த ஸ்டூடியோவில் கணினி வேலையெல்லாம் அவனுடைய தங்கை றாஹிலாவின் பொறுப்பு. சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு அவள் அதிகம் செய்தது ஒரே வேலைதான்: குடும்பப் படத்தில் இறந்தவரின் ஓரங்களை மென்மையாக்கி, உருவத்தைப் புகைபோல ஃபேட் பண்ணுவது. மங்கலாக இருப்பவர் இப்போது இல்லை என்பது அந்தக் கரையில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

யுத்தம் முடிந்த ஆண்டு, நோன்பு மாதத்தில் ஒருநாள், தம்பிலுவிலிலிருந்து சாமித்தம்பி வந்தார். மீன்பிடித் தொழில். கொண்டுவந்த படத்தில் அவரும் மனைவி பாலம்மாவும் மகன் துசாந்தும் நின்றார்கள். சண்டை நடந்த வன்னிக்குப் போன மகனைப் பற்றி வெகுநாளாகத் தகவல் இல்லை. முகாமிலிருந்து வந்த ஒருவர், அவன் செத்ததைத் தன் கண்ணால் கண்டதாகப் போன கிழமை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாலம்மாவுக்கு இன்னும் தெரியாது. மகன் வந்ததும் கலியாணம் என்று பெண் பார்த்துத் திரிகிறாள்.

"எனக்கு வாய் வருகுதில்ல புள்ள. அவன மட்டும் ஃபேட் பண்ணித் தா. படத்தப் பாத்தா அவள் விளங்கிக்குவாள்."

சொல்லிவிட்டுச் சந்தைப் பக்கம் போனார்.

றாஹிலா துசாந்தைச் சுற்றிக் கோடு வரைந்து பிரித்தெடுத்தாள். மெல்ல மெல்ல நிறத்தைக் குறைத்தாள். முகம் கரைந்தது, சட்டை கரைந்தது. அவனுடைய வலது கை மட்டும் தாயின் தோளில் கிடந்தது. அதையும் எடுத்தால் அந்த இடத்தில் இல்லாத சேலையை இவள்தான் வரைய வேண்டும். ஒன்றும் அறியாமல் பாலம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். றாஹிலாவின் விரல் நின்றுவிட்டது.

தன் மகள் ஆகிலாவின் சாவை அவளும் ஒரு படத்தில்தான் கண்டாள். கடல் வந்த அந்த மார்கழியில், ஒரு சுவர் நிறைய ஒட்டியிருந்த சடலங்களின் படங்களுக்கு நடுவே. கூட வந்தவர்களுக்கு முன்பே தெரியும். சொல்லத் துணியாமல் அவளைச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து விட்டு, ஓர் எட்டு விலகி நின்றார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை. ஆனால் அந்த ஓர் எட்டுத் தூரம் இன்னும் அவளுக்குள் ஆறாமல் கிடந்தது.

துசாந்தின் முகத்தைப் பழையபடி கொண்டுவந்தாள்.

சாமித்தம்பி திரும்பி வந்து திரையைப் பார்த்தார். "ஏன் புள்ள, செய்ய ஏலாதா?"

"செய்வன் அண்ணன். நீங்க சொன்னதுக்குப் பிறகு செய்வன். இதப் படம் சொல்லக் கூடா. நீங்க பக்கத்துல இருந்து சொல்லணும்."

"கடலுக்குப் பயந்தவனில்ல நான். அவள்ற முகத்துக்குப் பயமாக் கிடக்கு."

"அப்ப நானும் வாறன்."

நோன்போடு இந்த வெயிலில் அவ்வளவு தூரமா என்று காலிதீன் முணுமுணுத்தான். "ஊரார்ர கவலைக்கெல்லாம் உன்னத்தானே வெத்தில வெச்சுக் கூப்பிட்டிரிக்காங்க," என்றான். பிறகு அவனே கடையைப் பூட்டி ஓட்டோவை எடுத்தான்.

வாசலுக்கு வந்த பாலம்மா படம் எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். பெண் வீட்டாருக்குக் காட்ட வேண்டுமாம். சாமித்தம்பி அவளை இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து, அவள் கையைப் பிடித்தார்.

"பாலம்மா, நம்மட துசாந் இனி வரமாட்டான்."

 தான் கேள்விப்பட்டதையெல்லாம் சொல்லி முடித்தார். அவள் அவருடைய நெஞ்சில் அடித்தாள். அடித்து ஓய்ந்து றாஹிலாவின் மடியில் விழுந்தாள்.  றாஹிலா விலகாமல் இருந்தாள், அவ்வளவுதான். அயலவர்கள் வந்து முற்றம் நிறைந்தது. படத்தை அன்று யாரும் கேட்கவில்லை.

பொழுது சாய்ந்து வானம் கறுத்தது. அழுத முகத்தை நிமிர்த்திய பாலம்மாவின் கண், றாஹிலாவின் காய்ந்த உதட்டில் நின்றது.

"இந்தப் புள்ளைக்கு நோன்பெல்லோ. ஆராவது தண்ணி குடுங்க," என்றாள்.

யாரோ கொண்டுவந்த கிளாஸைத் தானே வாங்கி நீட்டினாள். றாஹிலா பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தாள். தண்ணீர் முடியும்வரை பாலம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.