கெர்பன் பெட்டியில் வைக்காமல் விட்டது

1.

வாருங்கள் வாசகரே, சாட்சி சொல்ல வாருங்கள். ஓர் அநீதி நடந்திருக்கிறது. இருட்டில் அல்ல, வழவழப்பான தாளில், வண்ணப் படங்களோடு, சிரித்த முகத்தோடு நடந்திருக்கிறது.

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நெதர்லாந்தின் டிராக்டன் நகரில் நான் வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் கடையில், என் முறை வரும்வரை ஒரு வார இதழைப் புரட்டினேன். மத்தியதரைக் கடற்கரை விடுமுறைக்கு ஆண்கள் எதை எடுத்துச் செல்வது, எதை அணிவது என்று இரண்டு பக்கம். லினன் சட்டை. மாலைக்கு வெள்ளைக் கால்சட்டை. காலுறை வெளியே தெரியாத காலணி. வைக்கோல் தொப்பி. உடலைக் கவ்விய நீச்சல் ஜட்டி. அத்தனையும் அணிந்து நின்றவனுக்கு வயிறே இல்லை. தொப்பை இல்லை என்று சொல்லவில்லை, வயிறே இல்லை! உண்டறியாத வயிறு, நொந்தறியாத வயிறு, கத்தி படாத வயிறு. அவனுக்குத் தைத்த சட்டத்தை ஊரிலுள்ள ஆண்கள் அனைவர் மீதும் மாட்டுகிறார்களே, இது அடுக்குமா? வயிறுள்ளவன் எந்தக் கடலுக்குப் போவான்?

பதிலை நானே தேட வேண்டியதாயிற்று. ஆகவே ஒரு மனிதரை உண்டாக்கினேன். பெயர் கெர்பன், கூரைக்கு ஓடு பதிக்கும் தொழில், பெரிய உடம்பு.

2.

மத்தியதரைக் கடலின் நீலம், வானத்தின் நீலத்தை வம்புக்கு இழுத்து

(இந்த வாக்கியத்தை இங்கேயே கைவிடுகிறேன். கெர்பன் கடலைப் பற்றி நினைக்கவில்லை. கட்டிலின் மேல் திறந்து கிடந்த பெட்டியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.)

எதிரே நின்று சட்டைகளை மடித்தவள் அவர் மனைவி இட்ஸ்கே.

“உருளைக்கிழங்கு மூட்டைய வண்டில ஏத்திட்டியா?”

“ஏத்தியாச்சு. பிரான்ஸ்லயும் உருளைக்கிழங்கு விளையுதாம், கேள்விப்பட்டேன்.”

“விளையும். ருசிக்காது. பேச்ச மாத்தாத கெர்பன். ஆரஞ்சு ஜட்டி எங்க?”

“அது பழசாயிடுச்சு.”

“வாங்கின அன்னிக்கே அது பழசு மாதிரிதான் இருந்துச்சு. எங்க?”

“முட்டி வரைக்கும் தொங்குமே, அந்தக் கால்சட்டைய எடுத்து வச்சிருக்கேன். போதும்.”

“அதப் போட்டா குளத்துக்குள்ள விட மாட்டாங்க.”

“விடலேன்னா விடல.”

இட்ஸ்கே மடிப்பதை நிறுத்தினாள்.

(ஓர் அடிக்குறிப்பு, அடியில் போட்டால் படிக்கமாட்டீர்கள் என்பதால் இங்கேயே. பிரான்சின் பொது நீச்சல் குளங்களில் தொளதொளத்த கால்சட்டைக்கு இடமில்லை. தெருவில் போட்டுத் திரிந்த அழுக்குத் துணியோடு தண்ணீரில் குதிப்பார்கள் என்ற அச்சம். உடலோடு ஒட்டியது மட்டுமே செல்லும். ஆண்டுதோறும் அதே கடற்கரை முகாமுக்குக் காரின் பின்னால் கேரவன் என்னும் வண்டிவீட்டை இழுத்துச் செல்லும் கெர்பனுக்கு இது மனப்பாடம்.)

தெரிந்தும் ஏன்? அதைத்தான் இட்ஸ்கேயும் அந்தக் கணத்தில் புரிந்துகொண்டாள். சென்ற குளிர்காலத்தில் மருத்துவர்கள் கெர்பனின் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, வயிற்றின் பக்கவாட்டில் வழி திறந்து, மலம் சேர ஒரு பையை ஒட்டியிருந்தார்கள். இனி வாழ்நாள் முழுதும் அந்தப் பைதான். நீந்தலாம், ஆடலாம் என்று செவிலியர் சொல்லிவிட்டார். ஆனால் முகாமின் குளத்தில் வியாழக்கிழமைதோறும் நெதர்லாந்துக்காரர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் பந்தாட்டம் நடக்கும். நம்மவர் பக்கத்துக் கோல் கீப்பர், தலை கறுத்திருந்த காலத்திலிருந்தே, கெர்பன்.

ஆட வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆகவே, தன்னைத் தடுக்கும் வேலையைச் சட்டத்திடம் ஒப்படைத்தார். தடை செய்யப்பட்ட துணியைத் தேர்ந்தெடுத்து மடித்து வைத்தார்.

3.

குளத்து வாயிற்காவலன் பஸ்தியேனைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. முதல் வரைவில் அவனுக்கு முறுக்கிய மீசையும், ஊதலும், ஏளனப் புன்னகையும் கொடுத்தேன். கெர்பனுக்கு வசனமும் தயாராக வைத்திருந்தேன்: “சட்டமே! துணியை அளக்கத் தெரிந்த உனக்கு மனிதனை அளக்கத் தெரியாதா?” மேடை அதிர்ந்திருக்கும். ஆனால் கெர்பன் அதைப் பேச மறுத்துவிட்டார். கூரைக்காரர் அப்படிப் பேசமாட்டாராம். எடுத்துவிட்டேன். மீசையையும்தான்.

நடந்தது இவ்வளவே. வியாழக்கிழமை. மேலே பனியனும் கீழே தொளதொளத்த கால்சட்டையுமாகக் கெர்பன் குளத்தின் வாயிலுக்கு வந்தார். கூட வந்தவன் டௌவே, பக்கத்து வண்டிவீட்டு நண்பன்.

“டேய், என்னடா இது? வீட்டு ஜன்னல் திரைய அவுத்துக் கட்டிக்கிட்டு வந்துட்டியா?”

பஸ்தியேன் ஓடிவந்தான். நெதர்லாந்துக் கூட்டத்தோடு பழகிப் பழகி அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்ட இளைஞன்.

“முசியே கெர்பன், இது ஆகாது. உங்களுக்கே தெரியுமே.”

“தெரியும்ப்பா. சட்டம்னா சட்டம். நான் கிளம்புறேன்.”

இவ்வளவு மகிழ்ச்சியாகச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதனை நான் பார்த்ததில்லை.

“இருங்க இருங்க! முகாம் கடையில இறுக்கமானது விக்குது, நான் போய் ஒண்ணு எடுத்துட்டு வரேன். நீங்க இல்லாம எப்படி ஆட்டம் ஆரம்பிக்கிறது?”

கருணை இப்படித்தான் மனிதனை மூலையில் தள்ளும். கெர்பன் பனியனைத் தூக்கிக் காட்டினார்.

“இந்தா, பாத்துக்க. இப்ப சொல்லு.”

பஸ்தியேன் பார்த்தான். சுவரில் மாட்டிய விதிப் பலகையையும் பார்த்தான்.

“பைக்குத் தடை இல்ல முசியே. கால்சட்டைக்குத்தான் தடை.”

தோழர்களே, நான் திகைத்து நிற்கிறேன். எதைச் சாடுவதற்காக உங்களை அழைத்தேனோ, அந்தச் சட்டம் ஒதுங்கி வழிவிட்டுவிட்டது. அப்படியானால் கெர்பனைத் தடுப்பது எது?

4.

உடைமாற்றும் அறைக்குப் பின்னால், கையில் பஸ்தியேன் கொண்டுவந்த நீல ஜட்டியோடு கெர்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டௌவே.

“எல்லாரும் பாப்பாங்கன்னா பயப்படுற? இத்தன வருஷமா உன்ன எவன்டா அழகுக்காகப் பாத்தான்?”

“பாக்கட்டும்டா. பாத்துட்டுப் போறாங்க.”

“பின்ன?”

“மெதுவா எறிவாங்க.”

“யாரு?”

“ஜெர்மன்காரங்க. நல்லவங்கடா அவங்க, அதான் பயமே. பந்த மெதுவா எறிவாங்க. நான் பிடிப்பேன். எல்லாரும் கை தட்டுவாங்க. அதோட நான் கோல் கீப்பர் இல்லடா. நோயாளி.”

 

5.

ஒரு முடிவு எழுதினேன். இரு அணியினரும் ஆளுக்கொரு பையை வயிற்றில் ஒட்டிக்கொண்டு வரிசையாக வருகிறார்கள், குளக்கரையே எழுந்து நிற்கிறது, கரவொலி. உரக்கப் படித்தேன். கெர்பன் அஞ்சிய அதே கரவொலி! கிழித்துவிட்டேன்.

இன்னொன்று எழுதினேன். குளத்துக்குத்தானே விதி, கடலுக்கு ஏது விதி? மாலை வெயிலில் கணவனும் மனைவியும் கைகோத்து அலைகளுக்குள்

“இந்தாங்க எழுத்தாளரே,” என்று குறுக்கிட்டாள் இட்ஸ்கே. “என் புருஷனக் கடலுக்கு ஓட்டிட்டு நீங்க கதைய முடிச்சுக்காதீங்க. அவன் இடம் கோல்ல இருக்கு.”

அவளுக்கு முன் எந்தப் பேனா நிற்கும்? கடல் வரிகளை அடித்துவிட்டேன்.

ஆகவே என்னால் இயன்றது இதுதான். கெர்பன் நீல ஜட்டி அணிந்து வெளியே வருகிறார். இடுப்புப் பட்டிக்கு மேல் பையின் விளிம்பு தெரிகிறது. சிலர் பார்க்கிறார்கள், சிலர் பார்க்காதது போல் அதைவிட உற்றுப் பார்க்கிறார்கள். அவர் படியில் இறங்குகிறார். தண்ணீர் அவருக்குப் புதிதல்ல. இரண்டு கம்பங்களுக்கு நடுவே போய்க் கைகளை விரிக்கிறார்.

எதிர் அணியில் ஓர் இடத்தைப் பெயரிடாமலே வைத்திருக்கிறேன் வாசகரே. அது உங்கள் இடம். சாட்சியாக அழைத்தேன், இனி சாட்சியாக நிற்க உங்களுக்கு உரிமையில்லை. பந்து உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் தோள் தளர்வதை உணர்கிறீர்களா? பாவம் என்று உள்ளே ஒரு குரல் எழுகிறதா? அந்தக் குரலை அடக்குங்கள். அவர் உங்கள் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பந்து கோலுக்குள் போகலாம், போகாமலும் இருக்கலாம். அது அவருடைய திறமை, அவருடைய கவலை.

கையை ஓங்குங்கள். பலங்கொண்ட மட்டும் எறியுங்கள்.