அண்ணி சொன்ன காரணம்

எல்லை தாண்டி ஆறு மாதம் பழம் அடுக்கப் போகிற பெண்கள் இந்தத் தெருவில் ஏழு பேர். அவர்களில் லாரி டிரைவர் பெண்டாட்டி அளவுக்குச் சாமர்த்தியசாலி கிடையாது என்பது தெருவின் ஏகோபித்த கருத்து. அந்தச் சாமர்த்தியம்தான் இப்போது அவளுக்குச் சோறு இறங்கவிடாமல் படுத்துகிறது என்று தெருவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பால் வாங்கும் வரிசையில் என்றைக்கோ ஏலம் போயிருக்கும்.

விஷயம் இதுதான். சீசனுக்கு முன்னால் பக்கத்து நாட்டுப் பழக்கிடங்கின் சூப்பர்வைசரம்மா அவளுக்குத்தான் போன் போட்டு, பழைய ஆட்களில் யார் யார் வருகிறார்கள் என்று கேட்பாள். இவள் வாயில் வருகிற பேருக்குத்தான் அந்தப் பக்கம் பர்மிட். போன வருஷம் நாத்தனார் பேச்சு வந்தபோது, "அவ முழுகாம இருக்கா, வரமாட்டா" என்று சொல்லிவிட்டாள். நாத்தனாரோ புருஷனை உதறிவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது.

அதற்கு முந்தின சீசனில் இரண்டு பேரும் சேர்ந்தே போயிருந்தார்கள். டிரைவர் மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆறு வயது மகள் வீட்டுக்கு வீடு மாறிச் சாப்பிட்டு, தலை நிறையப் பேனும் ஒட்டின கன்னமுமாய் நின்றாள். யாராவது ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும். அது தானாக இருக்கக்கூடாது என்று அண்ணி தீர்மானித்தாள்.

"என் கை மெதுவுன்னு கழிச்சுட்டாங்க போல" என்று நாத்தனார் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். அதோடு விட்டாளா? உருளைக்கிழங்கைப் பழைய பேப்பரில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கிப் பழகினாள்.

"அண்ணி, டைம் பாருங்க!"

"நாலு நிமிஷம்."

"ஐயோ, இன்னும் குறையணும்."

தனக்கு ஐந்தரை நிமிஷம் ஆகும் என்பதை அண்ணி சொல்லவில்லை. இரண்டு வருஷம் தொடர்ந்து அழைப்பில்லாவிட்டால் பர்மிட் செத்துப்போகும். தனி வாடகைக்கு ஒரு ரூம் பிடிக்கும் நாத்தனாரின் ஆசையும் அதோடு போகும். இது இரண்டாவது வருஷம்.

போதாக்குறைக்கு, போன சீசன் முடிந்து கிளம்பும்போது சூப்பர்வைசரம்மா "பிறந்த குழந்தைக்கு" என்று ஒரு கம்பளித் தொப்பியைக் கையில் திணித்திருந்தாள். அதை இஸ்திரிக்காரியின் பேரனுக்குக் கொடுத்துக் கைகழுவினாள் அண்ணி. நாத்தனார் அந்தப் பயலைத் தூக்கி, "தொப்பி எங்கடா வாங்கினே, மாப்பிள்ளை?" என்று கொஞ்சினாள். குழாயடியில் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்தபடி நின்றாள் அண்ணி.

இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்தாள். பொய்க்காரி என்று தன்னையும் கழித்துவிட்டால்? இரண்டு பேரையுமே கூப்பிட்டுவிட்டால் மகளை யார் பார்ப்பது? ஒத்திகை அங்கேயே நின்றுவிடும்.

சாயங்காலம் போன் அடித்தபோது அவள் கையெல்லாம் பாத்திரச் சோப்பு. அண்ணன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த நாத்தனார் எடுத்தாள். வீடியோ கால்.

"அட, நீயா! குழந்தை எப்படி இருக்கு? ஆணா, பொண்ணா? தொப்பி பத்துச்சா?" என்றாள் சூப்பர்வைசரம்மா, அந்த ஊர் பாஷையில். ஒரு சீசன் அங்கே வேலை பார்த்தவளுக்கு அது புரியாமல் இருக்குமா?

நாத்தனார் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்தாள்.

"பொண்ணும்மா. நல்லா இருக்கா" என்றாள் நாத்தனார் நிதானமாக. "இந்தத் தடவை அண்ணி பாத்துக்கறாங்க. அவங்க வரலை, நான் வரேன்."

"அப்படியா? எங்கே அவ?"

போன் அண்ணி பக்கம் திரும்பியது.

"ஆமாம்மா" என்றாள் அண்ணி. "அவளையே கூப்பிடுங்க. என்னைவிட அவ கைதான் வேகம்."

போன் வைத்ததும் நாத்தனார் கத்துவாள் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் பாரம் பாதி இறங்கியிருக்கும்.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே இருந்திருப்பேனே, அண்ணி."

நாத்தனார் பாதிப் பின்னலை மறுபடி கையில் எடுத்தாள்.

"இவளுக்கு இறுக்கிப் பின்னினா தலை வலிக்கும். வகிடு கிட்டவே தளர்த்தி ஆரம்பிக்கணும். வந்து பாத்துக்கங்க."

மகளுக்குத் தலைவலி வரும் என்பதே தாய்க்குப் புதுச் செய்தி. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.