அம்சாவின் கடைசிச் சுற்று

1993 பிப்ரவரியில் பாலூர் மைதானத்தில் தொடங்கிய கார் பந்தயத்தை அம்சா பத்து ஆண்டுகள் ஓட்டினாள். இடையில் ஒருமுறைகூட வண்டியை நிறுத்தவில்லை. செங்கல்பட்டில் கிளம்பித் திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், திருப்போரூர் வழியாக மறுபடி செங்கல்பட்டு வந்து சேருவது அவள் சுற்று. அந்த வழியில் குடியிருந்தவர்களுக்கு இது காய்கறி விலைபோலத் தெரிந்த விஷயம். கல்பாக்கத்துக்கு மாற்றலாகி வரும் அலுவலகக் குடும்பங்கள் மட்டும் முதல் வாரத்தில் வாசலுக்கு ஓடிவந்து பார்ப்பார்கள். இரண்டாவது வாரத்தில் அவர்களும் சத்தம் கேட்டதும் கொடியில் காயும் துணியைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிடுவார்கள்.

ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டும் கொட்டகை ஒன்றில் அவள் பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தாள். அம்மா சந்திரம்மா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். மகளாவது கூரைக்குக் கீழே வேலை பார்க்கட்டும் என்று கொண்டுவந்து விட்டாள். கொட்டகையிலிருந்து வண்டிகளை வெளியே தள்ளிவைக்க ஆள் இல்லாத நாள்களில் அம்சா ஓட்டக் கற்றுக்கொண்டாள். உடம்பு லேசாக இருந்ததால் சோதனை ஓட்டத்துக்கும் அவளையே உட்கார வைத்தார்கள். அந்த வருஷம் நாட்டின் முதல்தரப் பந்தயம் பாலூருக்கு வந்தது. பத்து வண்டி இல்லாவிட்டால் பட்டம் செல்லாது என்பது விதி. ஒன்பதுதான் இருந்தது. கொட்டகை முதலாளி பத்தாவது வண்டியில் அம்சாவை ஏற்றினார். “சும்மா கடைசியில சுத்திட்டு இரு. யார் வழியிலயும் வராதே. நீ எண்ணிக்கைக்குத்தான்” என்றார். ஜெயிக்க வேண்டியது அவருடைய மகன் ராகவன் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பாதிப் பந்தயம் வரை அம்சா சொன்னபடிதான் கேட்டாள். முன்னால் போனவர்கள் வளைவுக்கு வளைவு அடக்கி அடக்கி ஓட்டியது அவளுக்குப் பொறுக்கவில்லை. வண்டி அவள் முதுகுக்குக் கீழே முறுக்கிக்கொண்டு துடித்தது. ஒருவரைத் தாண்டினாள். தாண்டியதும் கை ஓயவில்லை, அடுத்தவரையும் தாண்டினாள். கடைசிக்கு முந்தின சுற்றில் ராகவனையும் தாண்டி, கடைசிச் சுற்றில் முதலாவதாக எல்லைக்கோட்டுக்கு வந்தபோது, கட்டம் போட்ட கொடியோடு நின்ற ஆள், மேடையிலிருந்து வந்த சைகையைப் பார்த்து, கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றான். அவள் போன பிறகு விரித்து ராகவனுக்கு ஆட்டினான். பத்தாம் எண் வண்டி எண்ணிக்கைக்காக வந்தது, கணக்கில் சேராது என்று ஒலிபெருக்கி சொன்னது. அம்சாவுக்கு அழுகை வரவில்லை. கொடி காட்டவில்லையென்றால் பந்தயம் முடியவில்லை என்று மட்டும் தோன்றியது. ஆம்புலன்ஸுக்காகத் திறந்து வைத்திருந்த வாசல் வழியே ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

தொட்டியில் கடைசிச் சுற்றுக்கான பெட்ரோல்தான் மிச்சம் இருந்தது. கடைசிச் சுற்று முடியாததால் அது தீரவில்லை. டயரும் அப்படித்தான். அவளோடு கொட்டகையில் வேலை பார்த்த மெக்கானிக் சின்னராசுவுக்கு இதெல்லாம் முதலில் விளங்கவில்லை. திருக்கழுக்குன்றத்துத் தேரடியில் கூட்டத்துக்காக அவள் வேகம் குறைத்தபோது மொபெட்டில் துரத்தி வந்து பிடித்தான்.

“இன்னா அம்சா இது? நிறுத்து!”

“கொடி காட்னாங்களா?”

“இல்ல.”

“அப்பால எப்டி நிறுத்தறது?”

சின்னராசு மொபெட்டை ஓரம் கட்டிவிட்டு யோசித்தான். மறுநாள் வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரான சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை வளைவில் ஒரு கரும்பலகையோடு நின்றான். பந்தயத்தில் ஓட்டுபவருக்குச் செய்தி காட்டப் பலகை பிடிக்க ஓர் ஆள் வேண்டும்; அது தன் வேலை என்றான்.

போலீஸ் தடுப்பு வைத்தது. அவள் வரும் நேரத்துக்குத் தடுப்புகள் தாமாகவே நிழலுக்கு நகர்ந்து நின்றன. நம்பர் பிளேட் இல்லை என்று வழக்குப் போட்டார்கள். சம்மனை நின்றுகொண்டிருப்பவர் கையில்தான் கொடுக்க முடியும் என்பதால் அது கிடப்பில் போனது. முதலாளி, வண்டி என்னுடையது என்று சொல்லி ஆலப்பாக்கத்தருகே ஒரு செங்கல் லாரியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். அம்சா தூரத்திலிருந்தே லாரியைப் பார்த்தாள். பிரேக்கில் கால் வைக்கவில்லை. அவள் வருவதற்குள் சந்திரம்மாவும் அவள் காலனிப் பெண்களும் நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஏறிவந்து லாரியைப் பள்ளத்தில் தள்ளியிருந்தார்கள். இதில் அதிசயம் எதுவும் இல்லை. அவர்கள் நிறையப் பேர். “எம் பொண்ணு ஓட்டிக்கினு கீது. எவனாவது குறுக்க வந்தா அவனயும் சேத்துத் தள்ளுவோம்” என்று சந்திரம்மா டிரைவரிடம் சொல்லிவிட்டு மீதி நடவுக்கு இறங்கிப் போனாள்.

சாப்பாட்டைக் கோட்டை வளைவில் சின்னராசு நீட்டுவான். குளிப்பது ஐப்பசி மழையிலும், மற்ற மாதங்களில் மாமல்லபுரத்துக் கடல் தூவலிலும். ஒரு கண் மூடி ஒரு கண் திறந்து தூங்கப் பழகிக்கொண்டாள். ஹெல்மெட்டுக்கு வெளியே முடி வளர்ந்து வண்டிக்குப் பின்னால் பறந்தது. சந்திரம்மா தேரடியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று, சுற்றுக்கு ஒரு முறுக்காகப் பின்னிவிடுவாள். ஒரு சடை முடிய ஒரு வாரம் ஆகும். “வூட்டுக்கு வாடி” என்று அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. “தல காயாம பாத்துக்க” என்பாள்.

பலகையில் சின்னராசு உலகப் பந்தயச் செய்திகளை எழுதினான். பழைய பத்திரிகைகளைத் தேடிப் படித்து, செத்தவர்களையும் ஜெயித்தவர்களையும் சுற்றுக்கு ஒருவராகக் காட்டினான். தீயில் முகம் வெந்து, கட்டுகூடப் பிரிக்காமல் திரும்பிவந்து ஓட்டிய ஆஸ்திரியாக்காரரைப் படித்தபோது அவள் கையை உயர்த்தினாள். 1994 மே மாதம் இத்தாலியில் பெரிய சாம்பியன் ஒருவர் சுவரில் மோதி இறந்த செய்தி வந்தபோது அந்தச் சுற்று முழுக்க நடை வேகத்தில் போனாள். பின்னால் தேங்கிய பஸ்களில் ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை. 1975இல் ஸ்பெயினில் பாதியில் நின்றுபோன பந்தயத்தில் ஆறாவதாக வந்து அரைப் புள்ளி வாங்கிய இத்தாலியப் பெண்ணைப் பற்றி எழுதியபோது மட்டும் அம்சா வேகம் குறைத்து, “அரைன்னாலும் எழுதிக் குடுத்தாங்க இல்ல?” என்று கேட்டுவிட்டுப் போனாள். சின்னராசு அந்தப் பலகையை வெகுநாள் அழிக்கவில்லை.

1996இல் அவர்கள் கல்யாணம் நடந்தது. தேரடி மேட்டில் அவள் முதல் கியருக்கு வந்தாள். அவன் கூடவே ஓடித் தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சு விழும்போது கோட்டை வளைவே வந்துவிட்டது. ஒரே இருக்கை உள்ள வண்டியில் குடித்தனம் நடத்த முடியாது. சாயங்காலம் வண்டியின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு ஒரு சுற்று வருவான், அவ்வளவுதான். ஒருமுறை அவன் காதோரம் நரைத்திருப்பதைப் பார்த்து, “கஷ்டமா கீதா?” என்று கேட்டாள். “கீது” என்றான். “நிறுத்தட்டுமா?” என்றாள். பூஞ்சேரி தாண்டியதும் அவன், “எனக்காக நிறுத்துனேன்னு நாளைக்கு எம் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கணுமே நீ. வாணாம்” என்றான். அவள் காலை அழுத்தினாள். காற்றில் கண்ணீர் பின்னால் போய்விட்டதால் யாரும் பார்க்கவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது. சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கின. பாலூர் மைதானத்தில் மட்டும் அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு எந்த வண்டியும் கிளம்பவில்லை. வெளிநாட்டு எஞ்சின் வைத்துப் பார்த்தார்கள், பூஜை போட்டார்கள், ஜெபமும் செய்தார்கள். முந்தின பந்தயம் முடியாமல் அடுத்தது தொடங்காது என்பதைப் பத்து வருஷம் கழித்துத்தான் பந்தயச் சங்கத்தார் ஒப்புக்கொண்டார்கள். 2003இல் கோட்டை வளைவில் பந்தல் போட்டு மேடை கட்டினார்கள். முதலாளி காலமாகியிருந்தார். தொப்பை வைத்து, சங்கத்தின் தலைவராகிவிட்ட ராகவன் கொடியோடு நின்றார். ஒலிபெருக்கி, சாதனைப் பெண்மணி அம்சாவுக்குச் சிறப்புப் பரிசு என்றது.

அம்சா வேகம் குறைத்தாள். “எத்தினியாவது எடம்?”

“சிறப்பு இடம்மா!” என்றது மேடை. அவள் போய்விட்டாள். அடுத்த சுற்றில் கௌரவ இடம் என்றார்கள். அதற்கடுத்து ராகவனோடு சேர்ந்து முதலிடம் என்றார்கள். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. வெயில் ஏறியது. காலனிப் பெண்கள் ரோட்டோரம் வந்து நின்றுகொண்டார்கள். அவள் வண்டி மறுபடி வளைவில் தெரிந்ததும் ராகவன் திடீரென்று மேடையை விட்டு இறங்கினார். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு நடுரோட்டுக்கு வந்தார்.

“நீதான் முதல்ல வந்தே” என்று கத்தினார். “நான் ரெண்டாவது. அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

“மைக்குல சொல்லு,” என்று சொல்லிவிட்டு அம்சா இன்னொரு சுற்றுக்குப் போனாள்.

அவள் திரும்பி வரும்போது ஒலிபெருக்கி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ராகவன் கொடியைத் தலைக்கு மேல் ஆட்டினார். பெட்ரோல் அந்த இடத்திலேயே தீர்ந்தது. வண்டி உருண்டுபோய்ச் சின்னராசுவின் வீட்டு வாசலில் நின்றது. அம்சா அவன் தோளைப் பிடித்து இறங்கினாள். தரை நகராமல் இருந்தது அவளுக்குத் தலைசுற்றலாக இருந்தது. வெந்நீர் கேட்டாள். குளித்துவிட்டு இரண்டு கண்களையும் மூடித் தூங்கினாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து, காலித் தொட்டி வண்டியில் போய் உட்கார்ந்தாள். “எங்க கெளம்பிட்ட?” என்றான் சின்னராசு.

“ஜெயிச்சவங்க ஒரு சுத்து கைய ஆட்டிக்கினு வருவாங்க இல்ல? அத்த இன்னும் நான் போவல.”

பெட்ரோல் இல்லாமல் வண்டி கிளம்பியது. அந்தச் சுற்று எத்தனை முறை என்று எந்த விதியிலும் இல்லாததால் அவள் தினமும் போகிறாள். மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடுகிறாள். பாலூரில் பந்தயங்கள் மறுபடி நடக்கின்றன. சிறுசேரிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் அவள் சத்தம் கேட்டதும் இடதுபக்கம் ஒதுங்குகின்றன. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்கிறார்கள்.