கழித்த பதினோரு மாதம்

சித்தூரில் ஒரு கோர்ட்டு தேவசேனாவின் வயதிலிருந்து பதினோரு மாதத்தைக் கழித்துக் கொடுத்த மறுநாள், நவம்பர் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை, அவளுடைய எட்டு மாதக் குழந்தை உதயா எண்பது கிராம் குறைந்து எழுந்தாள். அன்றைக்கே தேவசேனாவின் பின்னல் ஒரு நூலளவு குட்டையாயிற்று. திருப்பதியில் அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் பசுமைக்குடிலில் நாற்பது தோத்தாபுரி மாங்கன்றுகள் ஆளுக்கோர் இலை குறைந்து நின்றன. கன்றுகளைத்தான் அவள் முதலில் கவனித்தாள். குழந்தையைக் கவனித்தவன் அவள் கணவன் கோகுலகிருஷ்ணன்.

அந்தப் பதினோரு மாதம் வந்த வழியைச் சொல்லிவிட வேண்டும். தேவசேனா நகரியில் பிறந்தவள். அப்பா வேங்கடாசலமும் அம்மாவும் விசைத்தறியில் மாறி மாறி நின்றதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நாலு வயது முடிந்த அடுத்த மாதமே வேங்கடாசலம் அவளைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனார். ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் வேதாச்சலம் வழக்கம்போல, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொடவில்லை. "கொஞ்சம் தலய சாய்ச்சிக்கோ கண்ணு" என்றார். சாய்த்தாள், தொட்டது. ஜூன் ஒன்று என்று பிறந்த தேதி எழுதினார். அந்த வருஷம் அங்கே சேர்ந்த முப்பத்தொரு பிள்ளைகளும் ஜூன் ஒன்றாம் தேதியே பிறந்தவர்கள். "சாக்லேட் செலவு ஒரே நாள்ல முடிஞ்சிரும் பாரு" என்று வேதாச்சலம் வேங்கடாசலத்திடம் சிரித்தார். முப்பது வருஷம் அந்தத் தேதியால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு விருது வழியாக வந்தது. உயிரித் தொழில்நுட்பத்தில் இளம் ஆய்வாளர்களுக்கான விருது அது. கிடைத்தால் ஐந்து வருஷத்துக்குச் சொந்த ஆய்வுக்கூடம், கீழே நாலு பேர், கதவில் பெயர்ப்பலகை. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி வரை முப்பத்தைந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது. பங்காருபாளையத்துத் தோப்புகளில் மாம்பூ கருகிப் போவதைத் தடுக்கிற ஒரு நுண்ணுயிரை தேவசேனா மாவிலைக்குள்ளிருந்தே பிரித்தெடுத்திருந்தாள். ஒன்பது வருஷ வேலை. ஒன்பது வருஷமும் தற்காலிகப் பணி, மார்ச்சோடு அதுவும் முடிகிறது. பள்ளிச் சான்றிதழின்படி அந்தத் தேதியில் அவளுக்கு முப்பத்தைந்து வயது ஏழு மாதம், பெற்ற தாயின் கணக்கில் முப்பத்துநாலு எட்டு மாதம். ஆஸ்பத்திரிப் பதிவைத் தேடி எடுத்து, சித்தூர் வக்கீல் சிவசங்கரனைப் பிடித்து, ஒன்றரை வருஷம் அலைந்து தேதியைத் திருத்தினாள். தீர்ப்பு வந்த அன்று ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள்.

நாளுக்கு ஒரு வாரம் என்பதுதான் கணக்கு என்று பத்து நாளில் பிடிபட்டது. உதயா முதலில் தவழ்வதை மறந்தாள், பிறகு உட்காருவதை. முளைத்திருந்த இரண்டு பற்களும் ஈறுக்குள் இறங்கின. வாங்கி வைத்த கவுன்கள் பெரிதாகிக்கொண்டே போக, மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்த சின்னச் சட்டைகளை கோகுல் ஒவ்வொன்றாக இறக்கினான். குழந்தை டாக்டர் எடை போட்டு, தடுப்பூசி அட்டையில் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்துப் பார்த்தார். கோடு எந்தப் பிசகும் இல்லாமல் வந்த வழியே இறங்கியது. "ஆரோக்கியமாதான் குறையிறா. பயப்படாதீங்க" என்றார். தேவசேனாவின் ஆய்வுக் குறிப்பேடும் கடைசிப் பக்கத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. அதை அவள் இரவோடு இரவாகப் படம் பிடித்து வைத்தாள்.

கோகுல் ஸ்ரீசிட்டியில் ஏசி கம்பெனிக்கு விடியற்காலை பஸ்ஸில் போகிறவன். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நேரே சித்தூருக்குப் போய் சிவசங்கரன் முன்னால் உட்கார்ந்தான். வக்கீல் ஆச்சரியப்படவில்லை. பத்திரத்தில் நிலத்தின் அளவை வாசிக்கிற குரலில் சொன்னார்:

"பதினோரு மாசம் கழிச்சா பதினோரு மாசத்து சரக்கு போவத்தான் செய்யும் தம்பி. வாபஸ் மனு போட்டா மறுநாள்லருந்து வந்த மாதிரியே திரும்பும்."

"கொயந்த பொறந்த நாளுக்கு அந்தாண்ட போயிட்டா?"

"வயித்துக்குள்ள போயிட்டா மனு போடாதீங்க. ஒரே மூச்சுல திரும்ப ஆரம்பிச்சா தாயி தாங்கமாட்டா. அதுக்கு முன்னாடி போடணும். மனுதாரர் கையெழுத்து வேணும், உங்க கையெழுத்து செல்லாது."

மனுவை டைப் அடித்துக் கையில் கொடுத்தார். கோகுல் அதைக் கொண்டுவந்து தேவசேனாவின் லேப்டாப் மேல் வைத்தான்.

"கையெழுத்து போடு தேவி."

"ஏழு கிலோ இருக்கா இல்ல? ஏழுக்கு கீழ போனா போட்டுர்றேன். டைரக்டர் பரிந்துரைக் கடிதம் இன்னும் வர்ல."

ஏழுக்குக் கீழே போனது. ஆறு என்றாள். ஆறுக்குக் கீழே போனபோது கடிதம் வந்திருந்தது, ஆனால் முத்திரை இல்லை. ஐந்து என்றாள். ஐந்தில் உதயா தலையைத் தூக்க மறந்தாள்.

"இன்னா வியாபாரம் பண்ணிக்கினு கீற நீ? கொயந்தயா, கத்திரிக்காயா?" என்று கோகுல் கத்தினான்.

"ஒம்பது வருஷம் நான் அந்தக் கண்ணாடிக் கூண்டுல வெந்துக்கினு கெடந்தேன், அது உன் கண்ணுல படல. மார்ச்சுல என்ன வூட்டுக்கு அனுப்புவாங்க. அப்புறம் நீயே வச்சி பார்த்துக்கோ, உன் பொண்டாட்டிய."

அவன் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவள் குழந்தையின் மேல் பாசம் இல்லாதவள் அல்ல. விடிய விடிய மடியில் போட்டு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தாள், ஒரு கை விசைப்பலகையிலும் ஒரு கை குழந்தையின் நெஞ்சிலுமாக. நாளைக்கு என்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான். மனு லேப்டாப்புக்கு அடியில் கிடந்து சூட்டில் பழுப்பேறியது. உதயா சிரிப்பை மறந்தது நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் ஆறாம் தேதி முடிந்தது. அதற்குப் பிறகு அவள் யார் முகத்தையும் தேடவில்லை.

டிசம்பர் பதிமூன்று, வெள்ளிக்கிழமை. தராசு இரண்டு கிலோ தொள்ளாயிரம் காட்டியது. பிறந்த அன்று இருந்த எடை. தேவசேனா அதை இரண்டு முறை பார்த்தாள். பிறகு மனுவை உருவிக் கையெழுத்துப் போட்டாள். கம்பெனிக்குப் போய்விட்ட கோகுலுக்குப் போன் செய்து, "போட்டுட்டேன், சித்தூருக்கு போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஏழரை மணி பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து துணிக்குள் அடிக்கடி பார்த்துக்கொண்டாள். உதயாவின் தொப்புளில் ஈரக்கொடி முளைத்திருந்தது. சந்திரகிரியில் இருந்தாள். பாகாலாவில் ஒரு தடவை வீல் என்று அழுதாள். பாகாலா தாண்டி ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது அழுகை பாதியில் நின்றது. தேவசேனாவின் மடியில் துணி மட்டும் இருந்தது. வயிறு புடவைக்குள் நிறைந்து, முன்சீட்டுக் கம்பியில் இடித்தது.

பஸ்ஸில் யாரும் சத்தம் போடவில்லை. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்து, அவள் வயிற்றைப் பார்த்து, முதல் வரிசையில் இருந்த ஓர் ஆளை எழுப்பிவிட்டார். "முந்து கூர்ச்சோம்மா" என்று இடத்தைக் காட்டினார். அவள் போய் உட்கார்ந்தாள். சித்தூரில் இறங்கி, கோர்ட்டுப் பக்கம் திரும்பாமல், எதிர் வரிசையில் நின்ற திருப்பதி பஸ்ஸில் ஏறினாள். கையிலிருந்த மனுவை மடித்து மடித்து, இனி மடிக்க முடியாது என்றாகும்வரை மடித்தாள்.

மறுநாள் விண்ணப்பத்தை அனுப்ப ஆய்வு மாணவி சுஷ்மிதா உதவிக்கு வந்தாள். விருதின் விதிமுறைகளைப் புரட்டிக்கொண்டு வந்தவள் பதினான்காம் பக்கத்தில் நிறுத்தி, "அக்கா, இதைப் பார்த்தீங்களா? குழந்தை பெத்தவங்களுக்கு ஒரு வருஷம் வயசுத் தளர்வு இருக்கு. குழந்தையோட பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதும். நீங்க கோர்ட்டுக்கே போயிருக்க வேண்டாமே?" என்றாள். தேவசேனா அலமாரியைத் திறந்து உதயாவின் சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். நகராட்சி முத்திரை இருந்தது, கோடு போட்ட கட்டங்கள் இருந்தன. எழுத்து இல்லை.

"இல்ல சுஷ்மிதா, எனக்கு அது பொருந்தாது" என்றாள். அனுப்பு என்ற பொத்தானைத் தானே அழுத்தினாள்.

வயிறு டிசம்பர் இருபத்தாறு வரைக்கும் சிறுத்து, ஆறு மாதத்தில் நின்று, மறுநாளிலிருந்து எல்லா வயிற்றையும்போல வளரத் தொடங்கியது. அதன் பின் எதுவும் குறையவில்லை. ஜனவரியில் பங்காருபாளையத்தில் நுண்ணுயிர் தெளித்த மரங்கள் பூத்தன, ஒரு கொத்தும் கருகவில்லை. பிப்ரவரியில் நேர்காணல். குழுவில் இருந்த அம்மையார் ஒருவர் அவள் உட்காரத் தலையணை கொண்டுவரச் சொன்னார். மார்ச்சில் உதயா அதே ஆஸ்பத்திரியில், அதே இரண்டு கிலோ தொள்ளாயிரத்தில், இடது தோளில் அதே மச்சத்தோடு பிறந்தாள். நர்ஸ் கமலம்மா குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டே, "நீயா? வா வா" என்றாள். விருது ஏப்ரலில் வந்தது. கதவில் பெயர்ப்பலகை மாட்டினார்கள்.

குழந்தை பிறந்த அன்றே கண்ணைத் திறந்து வரிசையாக எல்லோரையும் பார்த்தது. கோகுலைப் பார்த்துச் சிரித்தது. தேவசேனா வாங்கக் கை நீட்டியபோது முகத்தை அவன் சட்டைக்குள் புதைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. பிறந்த பிள்ளைக்கு அவ்வளவு பிடி இருக்காது. பின்னர் இன்றுவரை அது தாயின் மடியில் ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை. தேவசேனா காலையில் பாலைப் பீய்ச்சிப் பாட்டிலில் அடைத்து, மூடியில் மணியை எழுதி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்புகிறாள். வேலையை விட்டுவிட்ட கோகுல் எட்டு மணிக்கு ஒன்றும் பதினொன்றுக்கு ஒன்றுமாக எடுத்துச் சூடு பண்ணி ஊட்டுகிறான்.