முன்னே போன பெட்டி

மதுரை தெற்கு மாசி வீதி சுங்குடிப் புடவை மொத்த வியாபாரி, திருவாளர் நாகசுப்பிரமணியன் அவர்கள், வயது ஐம்பத்து நான்கு, தரை மார்க்கமாகக் காரிலேயே நேபாள தேசம் சென்று, பனிமலையைக் கண்டு திரும்ப இருக்கிறார் என்னும் செய்தி உற்றாருக்கும் உறவினருக்கும் வாட்ஸ்அப்பில் உள்ள இருநூற்றுப் பதினொரு பேருக்கும் ஆவணி மாதம் முதல் ஞாயிறன்று முறைப்படி அறிவிக்கப்பட்டது. போகும் வழியில் கண்ணுக்கினிய நாற்பத்து மூன்று இடங்களில் கார் நிற்கும். எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நின்று வியப்பது என்பதுகூட முடிவாகிவிட்டது.

வியக்காத ஒரே ஆள் அவர் மனைவி நாகமணி. இருபத்தாறு வருஷ இல்லறத்தில் அவளைக் காஷ்மீருக்கு இரண்டு முறையும் ராஜஸ்தானுக்கு ஒரு முறையும் பூட்டானுக்கு ஒரு முறையும் அழைத்துப் போகத் திட்டம் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் வழிக்கு என்று முறுக்குச் சுட்டாள். முறுக்கு தீர்ந்தது, பயணம் தெருமுனையைக்கூடத் தொடவில்லை. அவள் இதுவரை பார்த்த பனியெல்லாம் ஃபிரிட்ஜுக்குள் உறைந்ததுதான். அதையும் அவளே கரண்டிக் காம்பால் சுரண்டிக் கொட்டியிருக்கிறாள். இந்த வருஷம் முழங்கால் வேறு வலிக்க ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை பனிமலையைப் பார்க்காவிட்டால் அப்புறம் பார்க்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

கார், பக்கத்துக் கடை சேக் இஸ்மாயிலுடையது. ஓட்டப் போகிறவரும் அவர்தான். அவர் மனைவி நஜ்முன்னிசாவும் வருகிறாள். மிச்ச வேலை, அதாவது யோசிக்கும் வேலை, நாகசுப்பிரமணியனுடையது. ஹால் சுவரில் எட்டடி நீளத்துக்குச் சார்ட் ஒட்டி, ஆறு நிறப் பேனாவால் சாலை போட்டார். நீலம் ஏரி, பச்சை மலை, சிவப்பு டிபன்.

"மாப்ள, நாக்பூர்ல இட்லி கிடைக்கும்னு மணி ஏழே காலுன்னு போட்ருக்க. ஏழு இருபதுக்குப் போனா தரமாட்டாங்களா?" என்றார் சேக் இஸ்மாயில்.

"பாய், கேலி பண்ணாத. திட்டம்னா நிமிஷக் கணக்குல இருக்கணும்."

"சரிப்பா. கிளம்புற நிமிஷத்த மட்டும் காணமே?"

அதற்கும் விடை வந்தது. கடையை விட்டுக் கிளம்ப வசதியான நாள் புதன்கிழமை. புதனன்று வடக்கே சூலம். நேபாளமோ, யார் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் வடக்கேதான் இருக்கிறது. ஆகவே பரஸ்தானம் வைத்துவிடுவது என்று நாகசுப்பிரமணியன் தீர்மானித்தார். நல்ல நேரத்தில் பெட்டியை முன்கூட்டியே கொண்டுபோய், போகிற திசையில் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு ஆள் எந்த நாளில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. ஒரே நிபந்தனை, வெளியே போன பெட்டி பயணம் முடியாமல் வீடு திரும்பக் கூடாது. திரும்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவருடைய தகப்பனார் சொல்லியிருக்கிறார். தகப்பனார் சொன்னதில் நாகசுப்பிரமணியன் இன்றுவரை மாறாமல் பின்பற்றுவது இந்த ஒன்றைத்தான்.

திங்கட்கிழமை காலை நீலநிறப் பெட்டி ஒன்று, இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா, பன்னிரண்டு பனியன், நாகமணியின் கம்பளிச் சால்வை ஆகியவற்றோடு, ஊருக்கு வடக்கே ஒத்தக்கடையில் பார்சல் புக்கிங் வைத்திருக்கும் காசிமாயன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

புதன் வந்தது. பதினேழாவது நிறுத்தமாக அருவியா, கோட்டையா என்பது முடிவாகாததால் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. அடுத்த வாரம் கோட்டை என்று முடிவாயிற்று. ஆனால் கோட்டைக்குப் புதன்கிழமை விடுமுறை. அதற்கடுத்த வாரம் தூறல் போட்டது, மதுரையில்.

பதினெட்டாம் நாள் காசிமாயன் போன் செய்தான்.

"அண்ணே, பெட்டிய நாளைக்குக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறேன். வீட்ல என்னய நம்ப மாட்டேங்கிறா. உள்ள என்ன இருக்கு, எம்புட்டு நாளைக்கு ஒளிச்சு வைக்கப் போறீகன்னு ராப்பகலா கேள்வி."

நாகசுப்பிரமணியனுக்கு வியர்த்துவிட்டது. "கொண்டு வந்துராத காசி. வீட்டு வாசப்படி ஏறக் கூடாது அது."

"அப்ப எங்கண்ணே வைக்க? நடுரோட்லயா?"

நாகமணி அப்போது கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சௌராஷ்டிர மொழியில்தான் பேச்சு. அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"திரும்பத்தானே கூடாதுங்க. முன்னால போகலாம்ல?"

நாகசுப்பிரமணியன் அவளைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அந்த யோசனையைத் தானே சொன்னதாக வாட்ஸ்அப்பில் அறிவித்தார்.

அன்றைக்கே காசிமாயன் பெட்டியைச் சேலம் லாரியில் ஏற்றினான். சேலத்தில் நாகமணியின் அண்ணன் மகன் பாலமுரளி இருந்தான். அவன் விளையாட்டாகப் பெட்டியை ஏற்காட்டுக்கு எடுத்துப்போய், ஏரிக்கரை பெஞ்சில் உட்கார வைத்துப் படம் அனுப்பினான். ஏற்காடு ஏரி சார்ட்டில் நான்காவது நிறுத்தம். நாகசுப்பிரமணியன் சிவப்புப் பேனாவை எடுத்து அதை டிக் அடித்தார். அடித்தபோது அவர் முகத்தில் களைப்பும் திருப்தியும் கலந்து தெரிந்தன. வண்டி ஓட்டி வந்தவர் முகம் மாதிரி.

நாகமணி அந்த முகத்தைக் கவனித்துவிட்டாள். இந்த மனிதர் இப்படியே வீட்டில் உட்கார்ந்து நேபாளம் போய் வந்துவிடுவார் என்பது அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. அன்று மாலை நஜ்முன்னிசா வீட்டுக்குப் போனாள்.

"பெட்டி ஊர் சுத்துது, நாம இங்க ரசம் வச்சுக்கிட்டு இருக்கோம். உனக்குக் கோபம் வரலையா?"

"வந்து என்னக்கா செய்ய? எங்க வீட்டுக்காரரு டேங்க் நெறய டீசல் போட்டுட்டுத் தினம் ஒருக்கா காரச் சுத்தி வாராரு. அம்புட்டுத்தான் பயணம்."

"பெட்டிய இன்னும் தூரமா அனுப்பணும். அவரே நேர்ல போய் எடுத்தாத்தான் உண்டுங்கிற தூரத்துக்கு."

அதன்பின் நாகமணியின் போனுக்கு ஓய்வில்லை. பாலமுரளியின் கூட்டாளி ஒருவன் பெட்டியை ஹைதராபாத் கொண்டுபோய்க் கோட்டை முன்னால் நிறுத்தினான். அங்கிருந்து ஜவுளி லாரியில் நாக்பூர். நாக்பூர் வியாபாரி பெட்டிக்கு ஆரஞ்சு மாலை போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். தீபாவளி வியாபாரத்தால் பயணம் தள்ளிப்போனபோது பெட்டி காசியில் ஒரு சத்திரத்தில் இருந்தது. படித்துறையில் வைத்து எடுத்த படத்தில், வாழ்வின் நிலையாமையை உணர்ந்ததுபோலச் சற்றுச் சாய்ந்திருந்தது. நாகசுப்பிரமணியன் டிக் அடித்துக்கொண்டே வந்தார். தெற்கு மாசி வீதியில் டீ குடிக்கிறவர்கள், "அண்ணே, இப்ப எங்க இருக்கீக?" என்று விசாரித்தார்கள். அவரும், "காசி தாண்டலப்பா, மெதுவாத்தான் போறோம்," என்று பதில் சொன்னார்.

அந்தச் சமயத்தில் சோழவந்தானிலிருந்து முக்திநாத் யாத்திரை போன கோஷ்டி காசியில் தங்கியது. கோஷ்டியை அழைத்துப் போகும் ரோகிணி, நாகமணியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். மூன்றாம் நாள் மத்தியானம் ரோகிணி கூப்பிட்டாள். நாகசுப்பிரமணியனே போனை எடுத்தார்.

"அண்ணே, பெட்டி நேபாளம் வந்துருச்சு. எல்லையில தொறந்து காட்டச் சொன்னாங்க. உங்க பனியனப் பூராம் எண்ணிப் பாத்துட்டு, ஆளு எங்கன்னு கேட்டாங்க. பின்னால வாராருன்னு சொல்லிட்டேன். பனிமலை அடிவாரத்துல, பொக்காராவுல, ஹோட்டல்காரர்ட்ட ஒப்படைச்சிருக்கேன். அவரு ஒரு வாரந்தான் வச்சிருப்பாராம். அதுக்குள்ள வரலேன்னா மதுரை விலாசத்துக்குப் பார்சல்ல அனுப்பிருவாராம்."

நாகசுப்பிரமணியன் நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டி திரும்பி வருகிறது. வீட்டு வாசலுக்கு. விலாசத்தோடு.

"கார்ல போனா எத்தன நாளுங்க?" என்றாள் நாகமணி, ஒன்றும் தெரியாதவளாக.

"நிறுத்தமெல்லாம் சேத்து பத்தொன்பது நாள்."

"நிறுத்தம் இல்லாம?"

அப்படி ஒரு கணக்கை அவர் போட்டதே இல்லை.

சேக் இஸ்மாயில் உள்ளே வந்தார். கையில் ஒரு காகிதம். "மாப்ள, தங்கச்சி சொல்லுச்சு, போட்டுட்டேன். மதுரை டு டெல்லி, டெல்லி டு காத்மாண்டு, நாலு டிக்கெட்டு. அங்கேருந்து பொக்காராவுக்கு பஸ்ஸு."

"பிளேனா? பாய், சாலைப் பயணம்னு ஊருக்கே சொல்லியாச்சு."

"சாலையிலதான் பெட்டி போயிருக்கே. அது போனா நீ போன மாதிரின்னு நீதான சொன்ன?"

"என்னிக்கு டிக்கெட்டு?"

"புதன்கிழமை."

நாகசுப்பிரமணியன் முகம் மலர்ந்தது. "புதன் வடக்கே சூலம்."

"சூலம் கிளம்புறவங்களுக்குத்தாங்க," என்றாள் நாகமணி. "நீங்கதான் ஆவணியிலயே கிளம்பிட்டீங்களே."

அவர் சார்ட்டைப் பார்த்தார். அதில் நாற்பத்தொரு டிக் இருந்தது. எல்லாம் அவர் கையால் அடித்தது.

புதன்கிழமை நால்வரும் விமானம் ஏறினார்கள். நாகமணி இந்தத் தடவை முறுக்குச் சுடவில்லை. கடையில் மிக்சர் வாங்கிக்கொண்டாள். மறுநாள் இரவு பொக்காராவில் ஹோட்டல்காரர் நீலப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தபோது நாகசுப்பிரமணியன் அதை மரியாதையோடு தடவிப் பார்த்தார். தன்னைவிட அதிகம் பார்த்த பெட்டி. பிறகு அறைக்குப் போய், காலையில் மலையைப் பார்ப்பது எப்படி, எந்தப் பக்கம் நிற்பது, முதலில் எந்தச் சிகரத்தைப் பார்ப்பது என்று பன்னிரண்டு மணி வரை எழுதினார்.

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு நாகமணி சால்வையைப் போர்த்திக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து மொட்டைமாடி ஏறினாள். நஜ்முன்னிசா முன்பே வந்து நின்றுகொண்டிருந்தாள். எதிரே இருட்டில் ஒன்றுமே இல்லை. பிறகு வானத்தில், மலை இருக்கும் என்று அவள் நினைத்த இடத்துக்கு மிக உயரே, ஒரு முனை இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அது மெல்லக் கீழே இறங்கி இறங்கி முழு மலையானது.

"இம்புட்டுப் பெருசாக்கா?" என்றாள் நஜ்முன்னிசா.

நாகமணிக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறும்வரை இருவரும் மிக்சரைக் கொறித்தபடி அங்கேயே நின்றார்கள்.

நாகசுப்பிரமணியன் எட்டரை மணிக்கு எழுந்தார். அதற்குள் மேகம் மூடிவிட்டது.