மேல்மாடிச் சாமான்

கண்டியில் கருவாட்டுக்கடை முஹைதீனின் மனைவி ஸுலைஹா தன் பிள்ளையை ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவாக வயிற்றில் சுமந்தாள். தாமதத்துக்குக் காரணம் நகரசபையின் சட்டம். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தேழில் கொள்ளைநோய்க்குப் பயந்து, கடைத்தெருவில் கடை மட்டுமே இருக்கலாம், யாரும் குடியிருக்கக் கூடாது என்று சபை விதித்தது. முஹைதீனுக்குக் கீழே கடை, மேலே வீடு. பரிசோதகர் படியேறி வந்தபோது நிறைமாதமாக இருந்த ஸுலைஹா, அந்நிய ஆணின் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். "அதுக்குப் பின்னால என்ன?" என்று பரிசோதகர் பிரம்பை நீட்டினார். திரையை விலக்கினால் மானம் போகும். ஆள் இருக்கிறதென்றால் கடை போகும். முஹைதீன் கெட்டவரல்ல மக்களே, பயந்தவர். "சாமான், சேர்," என்றார்.

அன்று தொட்டு மேல்மாடி சாமான் அறையாகவே நடந்துகொண்டது. உறை ஊற்றிய பால் பாலாகவே கிடந்தது. ஸுலைஹாவின் நகம் வளரவில்லை. குழந்தை உள்ளே உதைத்தது, ஆனால் நோவு வரவில்லை. அந்த மழைக்காலத்திலேயே முஹைதீன் காய்ச்சலில் மௌத்தாகிப்போனார். கணவனை இழந்தவள் வெள்ளை உடுத்து வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்க வேண்டும். கர்ப்பிணி என்றால் பிள்ளை பிறக்கும்வரை. அந்த வீட்டை விட்டு அவள் போகவும் முடியாது, அந்த வீட்டில் பிள்ளை பிறக்கவும் முடியாது. திகனயிலிருந்து வந்த மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்து, பிள்ளைக்குச் சுகம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடையை, முஹைதீனை நானா என்றழைக்கும் தம்பி மர்சூக் எடுத்து நடத்தினார். ஒரு பிள்ளை வயிற்றில் நாலு வருடம்வரை தங்கலாம் என்று மார்க்கக் கிதாபில் இருப்பதைப் பள்ளிவாசல் ஹுஸைன் லெப்பை அவருக்குச் சொல்லியிருந்தார். அதனால் மர்சூக் பொறுமையாக இருந்தார். "நாலு தாண்டினா அது நானாட பிள்ளை இல்ல, மதினி," என்று படியடியில் நின்று மரியாதையாகவே சொல்வார். வருடா வருடம் வியாபாரிகள் மனுக் கொடுத்தார்கள். வருடா வருடம் சபை ஒத்திவைத்தது. கீழே கருவாட்டு விலை ஏறி இறங்கியது. மேலே ஸுலைஹா வயிற்றோடு பேசிப் பேசி, பிறகு பேசுவதையும் விட்டாள். நாலு வருடமும் கடந்தது.

முப்பத்திரண்டில், கடைக்கு மேல் வீடிருக்கலாம் என்று சபை காலையில் தீர்மானித்தது. நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் ஆண்பிள்ளை பிறந்தது. மர்சூக் லெப்பையைக் கையோடு கூட்டி வந்தார்.

"காலம் கடந்துட்டே, மகள்," என்றார் லெப்பை, திரைக்கு இந்தப் பக்கம் நின்று. "வாப்பா பேர எப்பிடிப் போடுற?"

"நாலு வருஷம் எண்டது பொம்பளைக்குத் தானே லெப்பை," என்றாள் ஸுலைஹா. "சாமானுக்கு எத்தன வருஷம் எண்டு கிதாப்ல இரிக்கா? பாத்துச் செல்லுங்க."

லெப்பை பிள்ளையை வாங்கி, காதில் பாங்கு சொல்லி, முஹைதீன் மகன் மஹ்மூத் என்றார். மர்சூக் கீழே போய்க் கல்லாச் சாவியைப் படியில் வைத்தார்.

இத்தா முடிந்தும் ஸுலைஹா தெருவில் இறங்கவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னாலேயே இருந்தாள், கடைசியில் அங்கேயே மௌத்தானாள். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு யாருக்காவது நாள் தவறிப் பிரசவம் பிந்தினால், மருத்துவிச்சியைக் கூப்பிடுமுன் சபைக்கு ஆளனுப்பி, புதிதாக ஏதும் சட்டம் போட்டிருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்வார்கள்.