மூடி அதன் இடத்தில் இருந்தது

...ஆகக் குழந்தையை விட்டால் ஆறு பேர், மாதாவையும் சேர்த்தால் ஏழு, என்று அன்புராசா மனதுக்குள் எழுதத் தொடங்கியிருந்தார், எதையும் அவருக்கு இப்படித்தான் தொடங்க வரும், இடம், நாள், நேரம், வந்திருந்தோர், பிறகுதான் விசயம். இடம் மோர்னிங்சைட்டில் அவர்களுடைய வீட்டு முன்னறை, நாள் ஒக்ரோபர் மாதத்து வெள்ளி, நேரம் பின்னேரம் ஆறு. யன்னலோர மேசையில், செபமாலை மாதத்தில் வீட்டுக்கு ஒரு நாளாகத் தங்கிப்போகும் மாதா சொரூபம். அதற்கு நேரெதிரே நீளச் சோபாவில் கரோலின் அன்ரி, செபத்தை நடத்துபவர், முழங்கால் வருத்தத்தைச் சாட்டி முழந்தாளிடுவதிலிருந்து தனக்குத் தானே விடுதலை கொடுத்துக்கொண்டவர். பக்கத்தில், அதே பங்குக் கோவிலுக்கு வரும் ஜெசிகா, மடியில் பத்து மாதக் குழந்தை. கீழே கம்பளத்தில் அவளுடைய புருசன் கீதன், வலது கையை இடது கைக்குள் பொத்தியபடி, கொஞ்ச நாளாக அவன் அப்படித்தான் இருக்கிறான், ஏதோ குருவிக்குஞ்சைப் பிடித்து வைத்திருப்பவன்போல... குசினி வாசலோடு மனைவி கிறிஸ்ரினா, ஒரு கண் மாதாவிலும் மற்றக் கண் எண்ணெய்ச் சட்டியிலும். வாசற்கதவுக்குக் கிட்ட, சாப்பாட்டுக் கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு, சப்பாத்தைக் கழற்றியும் ஜக்கெட்டைக் கழற்றாமலும் றூபன், கிறிஸ்ரினாவின் தங்கச்சி புருசன். அன்புராசா மாடிப்படியின் கடைசிப் படியில். அங்கிருந்து எல்லாரையும் பார்க்கலாம். எல்லாரும் தன்னையும் பார்க்கலாம் என்பது இருந்த பிறகுதான் உறைத்தது, அதற்குள் கரோலின் அன்ரி சிலுவை போட்டுவிட்டார்.

செபம் முடிந்ததும் பதில் சொல்லவேண்டும். றூபன் உள்ளே வரும்போதே சொல்லிவிட்டான், அண்ணை, முடிவு இண்டைக்கு வேணும், திங்கள் காலமை அஞ்சு மணிக்கு வான் வெளிக்கிடுது, ஒரு சீற் உங்களுக்கெண்டு பிடிச்சு வைச்சிருக்கிறன் என்று, ஏதோ திருவிழாவுக்குப் போகிற பஸ்ஸில் இடம் பிடித்தவன்போல. தொழிற்சாலைகளுக்கு ஆள் பிடித்துக்கொடுப்பதுதான் அவன் தொழில். இந்தத் தொழிற்சாலை விட்பி நகரத்துக்கு அங்கால், மாவைத் தட்டி உறையவைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற இடம், சட்டத்துக்குக் குறையாத ஆகக் குறைந்த சம்பளம், பத்து மணித்தியாலம் குளிருக்குள் நின்றபடி இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே மாவைக் கொடுத்துக்கொண்டிருக்கவேண்டும். அதே உருளைகள். ஜூலையில் கீதன் நின்ற அதே இடம், அவன் நின்ற தரையிலேயே தன் சப்பாத்தையும் வைக்கவேண்டும்... கழுவியிருப்பார்கள், நல்லாய்க் கழுவியிருப்பார்கள், எதற்காக இதையெல்லாம் நினைக்கவேண்டும், அருள் நிறைந்த மரியே, பதினெட்டு வருசம் கார் இருக்கை தைக்கிற இடத்தில் தையலில் பிழை பார்த்த மனுசன், மார்ச்சில் அதை இழுத்து மூடியபோது மேசையில் ஒரு தூசி இல்லாமல் துடைத்துவிட்டு வந்த மனுசன், இப்போது மாவுக்கும் இரும்புக்கும் நடுவில்... இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும், என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். குழந்தை திடுக்கிட்டுச் சிணுங்கியது.

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் என்ன? ஈ.ஐ. காசு, வேலையிழந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அந்தக் காப்புறுதிப் பணம், இன்னும் பதினொரு கிழமைக்கு வரும், ஆனால் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அறிக்கை கொடுக்கவேண்டும், அதில் ஒரு கேள்வி, இந்தக் காலத்தில் கிடைத்த வேலை எதையாவது மறுத்தீரா? ஓம் என்றால் காரணம் எழுதவேண்டும், தகுந்த காரணம். இல்லை என்று பொய் போடலாம், ஆயிரம் பேர் போடுகிறார்கள், றூபனே சொல்லித்தருவான். ஆனால் அன்புராசாவுக்குக் கடுதாசியில் பொய் எழுத வராது... வராதா? அப்படியென்றால் ஓகஸ்ட் மாதம் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுதினது என்ன? இரண்டாம் தேவ இரகசியம், கற்றூண், கசையடி, கிறிஸ்ரினா சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள், அவளுடைய குரல் செபத்தில் மட்டும் மெலியும், பங்கில் போன கிழமை யாரோ கேட்டிருக்கிறார்கள், உங்கட அவர் இன்னும் சும்மாதானோ என்று, அவள் அதை இரவுச் சாப்பாட்டில் சொல்லவில்லை, பாத்திரம் கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். றூபன் நேரே சொல்வான். "அண்ணை இப்ப கவுண்மேந்துக்கு மாப்பிள்ளையெல்லோ, சீதனம் வீட்டுக்கே வருது." எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். காலையில் வோபர்ன் நூலகத்துக்குப் போய் பேப்பர் வாசிப்பதும், பத்து மணி வெயிலைப் பதினெட்டு வருசத்துக்குப் பிறகு பார்த்ததும் பிடித்திருந்தது என்று யாரிடம் சொல்வது, அது ஒரு களவுபோல இருந்தது.

ஓகஸ்ட். கீதனுக்குக் கட்டு அவிழ்க்கவில்லை அப்போது. பங்கில் யாருக்கு எந்தக் கந்தோருக்குக் கடிதம் என்றாலும் இந்த வீட்டுக்குத்தான் வருவார்கள், ஊரில் முருங்கன் பள்ளிக்கூடத்தில் படித்த ஒழுங்கு, திகதி வலது பக்கம், விசயம் அடிக்கோடிட்டு, மூன்றே பந்தி, எழுதின பிறகு ஒப்பம் வைப்பவருக்குத் தமிழில் இரண்டு தரம் வாசித்துக் காட்டுவது, ஒரு பிரதியைக் கோவையில் கோத்து வைப்பது. விபத்து எப்படி நடந்தது என்று கொம்பனிக்குக் கொடுக்கவேண்டிய கடிதத்துக்காகக் கீதன் சொன்னான், "அண்ணை, உருளைக்கு முன்னால ஒரு கம்பி மூடி இருக்கோணும். கழுவ நேரமாகுது எண்டு கழட்டி மூலையில வைச்சிட்டினம். மாசக்கணக்கா அங்கதான் கிடந்தது." அன்புராசா எழுதப் பேனாவை எடுத்தபோது றூபன் சொன்னான், உதை எழுதாதேங்கோ அண்ணை, உது எழுதினால் இவனுக்குத்தான் கஷ்டம், மூடி இருந்தது, இவன்தான் கவனிக்கேல்லை எண்டு எழுதுங்கோ, பெட்டிக்கு லேபல் ஒட்டுற லேசான வேலை குடுக்கிறன் எண்டு கொம்பனி சொல்லுது. கீதன் ஜெசிகாவைப் பார்த்தான். ஜெசிகா குழந்தையைப் பார்த்தாள். அன்புராசா எழுதினார். மூடி அதன் இடத்தில் இருந்தது. நல்ல சுத்தமான ஆங்கிலத்தில், சின்ன வசனமாக, பிழை பார்க்க ஒன்றும் இல்லாத வசனமாக. இரண்டு தரம் வாசித்தும் காட்டினார்.

மூன்றாவது பத்தை ஜெசிகா சொல்லி முடித்தாள். நான்காவது கீதனுக்கு. அவன் செபமாலை கொண்டுவரவில்லை, அது இப்போது கையில் நிற்பதில்லை, விரல் மடித்துத்தான் எண்ணுகிறான், பொத்தின கையைத் திறந்தான். அன்புராசா பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். பெருவிரல், பிறகு மோதிரவிரல், சின்னவிரல், அதோடு வலது கை முடிந்தது, இடது கையில் ஐந்து. எட்டாவது மங்கள வார்த்தை முடிய அவன், பிதாவுக்கும் சுதனுக்கும், என்று தொடங்கிவிட்டான். பத்துக்கு இன்னும் இரண்டு இருந்தது. கரோலின் அன்ரியின் பெருவிரல் எட்டாவது மணியில் நின்றது, அவர் அடுத்த இரண்டு மணிகளையும் சத்தமில்லாமல் தள்ளிவிட்டார். கிறிஸ்ரினா குனிந்தாள். றூபன் போனைப் பார்த்தான். எல்லாருமாகச் சேர்ந்து, ஆதியில் இருந்ததுபோல, என்று சொன்னார்கள், எவ்வளவு ஒழுங்காகச் சொன்னார்கள், ஒருவர்கூடத் தடுமாறவில்லை... தெரியாமலா? எல்லாருக்கும் தெரியும். ஒரு குறையை ஆறு பேர் சேர்ந்து இவ்வளவு இலேசாக மூடலாம் என்று அவருக்கு அப்போது பயமாக இருந்தது, மூடி வேண்டிய இடத்தில் மூடி இல்லை, வேண்டாத இடத்தில் இதோ. ஐந்தாவது அவருடையது. அவர் பத்தோடு நிறுத்தவில்லை, ஏன் என்று தெரியாது, பதினொன்று சொன்னார், பன்னிரண்டு சொன்னார்.

"அன்பு, எங்க போறீர்?" என்றார் கரோலின் அன்ரி. "பத்து எப்பவோ முடிஞ்சுது. வீட்டில கனகாலம் இருந்தால் எண்ணவும் மறக்கும் போல." கீதனும் சேர்ந்து சிரித்தான்.

பொரித்த ரோல்ஸ் வந்தது, தேத்தண்ணி வந்தது. றூபன் ஜக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினான், வெறும் தாள். "வேலை தொடங்க முதல் எல்லாரும் ஒரு கடிதம் குடுக்கோணும் அண்ணை, மூடி இருக்கு, காட்டினவை, விளங்கிச்சு எண்டு. புது ஒழுங்கு. உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, கீதனுக்கு எழுதினீங்களே, அந்த வசனம்தான், கொம்பனிக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு, இப்ப எல்லாரிட்டயும் அதையே கேக்கினம்." அன்புராசா தாளை வாங்கினார், அது அவருக்குக் கனத்தது. எல்லாரிட்டயுமா? எத்தனை பேர், அந்த வசனத்தை எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு உருளைக்குப் போனார்கள்... இன்னும் விரல் போகவில்லை, ஆனால் போனதற்குரிய கடிதம் முன்கூட்டியே கோவையில் இருக்கிறது. அவர் கீதனிடம் திரும்பினார், மெதுவாக, சாதாரணமாகக் கேட்பதுபோல, "மூடி இப்ப போட்டிருக்கினமோ தம்பி?" கீதன் றூபனைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. "மூடி அதின்ர இடத்தில இருக்கு அண்ணை," என்றான், "நான்தான் கவனிக்கேல்லை." பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையின் குரல். அன்புராசா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். இது இவன் பேச்சு இல்லை, என்னுடையது, நான் இரண்டு தரம் வாசித்துக் காட்டினது. இனி அங்கே மூடி இருக்கிறதா இல்லையா என்று இவனிடம் கேட்டு ஒருநாளும் அறியமுடியாது, அந்த வழியை அடைத்தது யார்?

"எனக்கு நாரி சரியில்லை றூபன்," என்று இடுப்பில் கைவைத்தபடி தன் வாய் சொல்வதை அவர் கேட்டார். "நிண்டு செய்யேலாது. நான் வரேல்லை."

கிறிஸ்ரினா தட்டோடு அப்படியே நின்றாள். றூபன் கோபிக்கவில்லை. "பரவாயில்லை அண்ணை," என்றான். "ஜெசிகா கேட்டுக்கொண்டிருந்தவ, உங்களுக்குத்தான் முதல் சொல்லோணும் எண்டு பார்த்தனான்." ஜெசிகா உடனே நிமிர்ந்தாள். "ஓம் அண்ணை, இவருக்கு இப்ப அரைநாள் வேலைதானே தாறாங்கள். நீங்கள் மாட்டன் எண்டால் நான் போறன் எண்டு சொல்லிப்போட்டன். பிள்ளையைக் கரோலின் அன்ரி பார்ப்பா." அவள் அந்த வெள்ளைத் தாளை அவர் கையிலிருந்து வாங்கினாள், சிரித்தபடி, "எனக்கும் நீங்கள்தானே எழுதித் தருவீங்கள்?" அவளுடைய விரல்கள் மெலிந்தவை, நகத்தில் பழைய சிவப்புப் பூச்சு. "நாளைக்கு வா பிள்ளை," என்றார். நாரி வலிக்கவேயில்லை. அவர் படியேறி மேலே போனார்.

சட்டைப் பையில் காலையில் எழுதின கடிதம் இருந்தது, காப்புறுதிக் கந்தோருக்கு, இரண்டு பந்தி முடிந்து, வேலையை மறுத்தால் எழுதவேண்டிய மூன்றாவதற்கு இடம் விட்டு. காரணம். நாரி என்று எழுதினால் வைத்தியத் துண்டு கேட்பார்கள். அவர் எழுதினார்: அந்த இயந்திரத்துக்கு மூடி இல்லை என்று அறிகிறேன். ஜூலையில் அதில் ஒருவருடைய இரண்டு விரல்கள் போயின. மூடி அதன் இடத்தில் இருந்தது என்று ஓகஸ்டில் அவருக்காக எழுதிக்கொடுத்தவன் நான். அது உண்மையல்ல. எழுதிவிட்டு, இதனால் கீதனின் லேபல் வேலை என்னாகும், அவன் வைத்த ஒப்பம் என்னாகும், தன் ஈ.ஐ. என்னாகும், என்றெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, அவர் ஒன்றுக்கும் நிற்கவில்லை, பிரதிகூட எடுக்கவில்லை. இரண்டு தரம் வாசித்துக்காட்டவும் ஆள் இல்லை. உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, நகத்தால் இரண்டு தரம் அழுத்தி ஒட்டினார், முத்திரை ஒட்டினார், கீழே இறங்கி, குப்பை போட்டுவிட்டு வாறன் என்று கிறிஸ்ரினாவிடம் சொல்லி வெளியே வந்தார்.

தபால்பெட்டி வீட்டிலிருந்து முப்பது அடி, தெருமூலையில், சிவப்பு. கைப்பிடியை இழுத்தார், இரும்பு வாய் திறந்தது, கடிதத்தை வைத்தார், விட்டார், அது படீரென்று மூடிக்கொண்டது. வழக்கப்படி இன்னொரு தரம் திறந்து, விழுந்ததா என்று பார்த்தார், விழுந்திருந்தது, நல்லது, சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, மனம் இலேசாகப்போகிறது என்று காத்து நின்றார். நிற்கும்போதுதான் பெட்டியில் ஒட்டியிருந்த துண்டு கண்ணில் பட்டது, தபால் எடுக்கும் நேரம், இன்றைக்கு எடுத்துவிட்டார்கள், அடுத்தது திங்கள், பின்னேரம் ஐந்து மணி. திங்கள் காலை ஐந்து மணிக்கு வான். அதற்குப் பிறகும் கடிதம் போய்ச் சேர நாலு நாள், யாரோ பிரித்துப் பார்க்க ஒரு கிழமை... இது அவருக்குத் தெரியாதா? தபால் போகிற நாளை எண்ணி எண்ணித்தானே முப்பது வருசமாகக் கடிதம் எழுதுகிறார். தெரிந்துதான் எழுதினாரா, ஜெசிகாவிடம் நேரே சொல்லாமல் இருப்பதற்காகத்தானா எழுதினார்? பின்னால் வீட்டுக் கதவு திறந்தது. ஜெசிகா குழந்தையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள், திங்கள் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று றூபனிடம் கேட்டாள், உந்த மூலையிலதான், தபால்பெட்டியடியில, என்று றூபன் கையைக் காட்டினான், காட்டின இடத்தில் அன்புராசாவைக் கண்டு, "என்ன அண்ணை, இப்பவே லைனில நிக்கிறியள்?" என்று சத்தம்போட்டுச் சிரித்தான். முப்பது அடிதான். இங்கிருந்து சொன்னாலே அவளுக்குக் கேட்கும். அன்புராசா வாயைத் திறந்தார், மூடி இல்லை என்பதா, மூடி அதன் இடத்தில் இருக்கிறது என்பதா, முதலில் வரப்போவது எந்த வசனம் என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.